எது தெளிவு, ஒன்றா இரண்டா? மேற்கு மாம்பலத்து மாடியில் இரண்டு ஆப்டோமெட்ரிஸ்டுகள்

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஆரிய கௌடா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், கீழே மருந்துக் கடையும் மேலே கண் பரிசோதனை நிலையமுமாக இருக்கும் இந்தக் கட்டடத்துக்கு நான் ஆறு ஆண்டுகளாகப் போய்வருகிறேன். கண்ணைப் பற்றிய என் கவலை மற்றவர்களுடையதைவிடச் சற்று அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1982இல் திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோப்பவனாக வேலைக்குச் சேர்ந்தேன். ஈய எழுத்துகள் போய்க் கணினி வந்த பிறகு மெய்ப்புத் திருத்தத்துக்கு மாறினேன். இன்றும் வீட்டில் இருந்தபடியே மூன்று பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஒரு புள்ளி கண்ணில் படாமல் போனால் ‘கண்’ என்பது ‘கண’ ஆகிவிடும். மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் பத்துப் பாயிண்ட் எழுத்தில் பிரித்துப் பார்க்க முடியாத நாளில் என் பிழைப்பு முடிந்தது.

நான் இங்கே முதன்முதலில் ஏறி வந்ததற்குக் காரணம் வேறொரு கடை. அதன் பெயர் வேண்டாம். கண்ணாடி வாங்கினால் கண் பரிசோதனை இலவசம் என்று வாசலில் எழுதியிருந்த பெரிய கடை அது. என் முகவாயை ஒரு கருவியின் மீது வைக்கச் சொன்னார்கள். உள்ளே தெரிந்த பலூன் படம் ஒருமுறை மங்கித் தெளிந்தது. சிறு துண்டுச் சீட்டு ஒன்று அச்சாகி வந்தது. அந்தச் சீட்டில் இருந்த எண்களை ஓரிரு கேள்விகளோடு சரிபார்த்துவிட்டு, தொலைவுக்கும் கிட்டத்துக்கும் ஒரே வில்லையில் படிப்படியாகப் பவர் மாறும் புரோகிரெசிவ் கண்ணாடி ஒன்றைப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு என் மூக்கில் ஏற்றினார்கள். அதை அணிந்துகொண்டு மாடிப்படி இறங்கினால் படி நழுவுவது போல் இருந்தது. மெய்ப்பைப் படிக்க வேண்டுமானால் சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தவனைப் போல முகவாயைத் தூக்க வேண்டியிருந்தது. “பழகிவிடும் சார்” என்றார்கள். மூன்று மாதம் பழகிப் பார்த்தேன். பழகியது கழுத்து வலி மட்டுமே.

இங்கே பார்வையை அளந்து கண்ணாடி பரிந்துரைக்கும் ஆப்டோமெட்ரிஸ்டுகள் இருவர். அவர்களில் மூத்தவர் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அன்று அவர் என்னை எந்தக் கருவியின் முன்னாலும் உட்கார வைக்கவில்லை. “நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் சார்?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன். கைப்பையில் மெய்ப்புத் தாள் இருக்கிறதா என்று கேட்டார்; இருந்தது. வீட்டில் எப்படி வைத்துப் படிப்பீர்களோ அப்படியே பிடித்துக் காட்டுங்கள் என்றார். பிடித்தேன். துணிக்கடை நாடா ஒன்றை எடுத்து என் கண்ணுக்கும் தாளுக்கும் இடையே அளந்து, 45 சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டார். பிறகு என் கண்ணாடியைக் கழற்றி, அதன் வில்லையின் மீது வாயால் ஆவி விட்டு, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தார். புரோகிரெசிவ் வில்லைகளில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய முத்திரைகள் பொறித்திருப்பார்களாம். ஆவி படியும்போது அவை ஒரு நொடி தெரியும். அவற்றை வைத்து மார்க்கர் பேனாவால் வில்லையில் ஒரு கூட்டல் குறி போட்டு, கண்ணாடியை மறுபடி என் முகத்தில் மாட்டிவிட்டுக் கைக்கண்ணாடியைக் காட்டினார். அந்தக் கூட்டல் குறி என் கருமணிக்கு நேரே இருக்க வேண்டும். அது நான்கு மில்லிமீட்டர் கீழே இருந்தது.

“பவர் சரியாகத்தான் சார் இருக்கிறது. வில்லையை வெட்டிப் பொருத்தியபோது உயரம் தவறிவிட்டது” என்றார். அதோடு அவர் புதிதாக ஒரு புரோகிரெசிவ் எழுதிக் கொடுத்திருந்தால் நான் மறுபேச்சின்றி வாங்கியிருப்பேன். அவரோ மூக்குத் தாங்கிகள் இரண்டையும் குறட்டால் சற்று நெருக்கி, கண்ணாடிச் சட்டத்தை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மேலே ஏற்றிவிட்டு, தெருவில் நடக்க இது போதும் என்று சொன்னார். மெய்ப்புப் பார்க்க மட்டும் தனியாக ஒரு சாதாரண வாசிப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார். அதன் விலை, சட்டத்தோடு சேர்த்து, ஆயிரத்து நூறு ரூபாய்.

அந்த வாசிப்புக் கண்ணாடியின் கணக்கையும் விளக்கினார். நாற்பதைத் தாண்டும்போது கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை இறுகிப்போயிருக்கும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க அதனால் முன்போல் தடித்துக் கொடுக்க முடிவதில்லை. இதைத்தான் நம் வீடுகளில் வெள்ளெழுத்து என்றும் சாளேஸ்வரம் என்றும் சொல்கிறோம். அந்தக் குறையை ஈடுசெய்யும் பவர் வயதை மட்டும் பொறுத்ததன்று, படிக்கும் தொலைவையும் பொறுத்தது. 40 சென்டிமீட்டரில் தெளிவாகப் பார்க்க மொத்தம் இரண்டரை டயாப்டர் (வில்லையின் பவரை அளக்கும் அலகு) தேவை. 50 சென்டிமீட்டர் என்றால் இரண்டு போதும். அதில் எவ்வளவைக் கண் தானே தருகிறதோ அதைக் கழித்துவிட்டு மீதியைக் கண்ணாடியில் போடுகிறார்கள். நாற்பத்திரண்டு வயதிலிருந்து கண்ணாடி அணிந்துவரும் எனக்கு, தாளை எவ்வளவு தூரத்தில் வைத்துப் படிக்கிறாய் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பரிசோதனை முடிந்து எழுந்தபோது “நன்றி டாக்டர்” என்றேன். “நான் டாக்டர் இல்லை சார், ஆப்டோமெட்ரிஸ்ட்” என்று உடனே திருத்தினார். திருத்தம் என் தொழில் என்பதால் அது எனக்குப் பிடித்துப்போனது. என் தலைமுறைக்குக் கண் என்றாலே எழும்பூர் ஆஸ்பத்திரிதான். 1819இல் தொடங்கிய அந்த அரசுக் கண் மருத்துவமனையில்தான் என் அம்மாவுக்குப் புரை எடுத்தார்கள். அங்கே இருப்பவர் மருத்துவர், தெருமுனைக் கடையில் இருப்பவர் கண்ணாடிக்காரர் என்று இரண்டே பேரைத்தான் எனக்குத் தெரியும். நடுவில் மூன்றாவதாக ஒரு படிப்பு உண்டு, அதுவும் இவர் படித்த காலத்தில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு, அதில் கடைசி ஆண்டு முழுவதும் நேரடிப் பயிற்சி என்பதை இவர் சொல்லித்தான் அறிந்தேன். இந்தப் படிப்பில் சென்னைக்கு நல்ல பங்கு உண்டு: 1978இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவைச் சார்ந்து 1985இல் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி இங்கே தொடங்கியது. மருத்துவம் சார்ந்த பல தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் ஆப்டோமெட்ரியும் இடம்பெற்றிருக்கிறது. பார்வையை அளப்பது, கண்ணாடியும் கான்டாக்ட் லென்ஸும் பரிந்துரைப்பது, நோயின் அறிகுறி தென்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவை இவர்கள் வேலை. அறுவை இவர்கள் வேலையன்று. இந்த நிலையத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் ஒரு கண் மருத்துவர் வருகிறார்; மற்ற நாள்களில் இவர்கள் இருவர் மட்டுமே.

இளையவர் முப்பதைத் தொடாத வாலிபர். வேகமாகப் பேசுவார், மெதுவாக வேலை செய்வார். முதல்முறை அவரிடம் உட்கார்ந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். பரிசோதனை அறையின் நீளம் மூன்று மீட்டர்தான். எழுத்துப் பலகையை ஆறு மீட்டரிலிருந்து படிக்க வேண்டும் என்பது முறை. 6/6 என்று எழுதுகிறார்களே, அதில் மேலே இருக்கும் ஆறு அந்தத் தொலைவுதான். ஆகவே இங்கே பலகை நம் தலைக்குப் பின்னால் தொங்குகிறது, எதிர்ச்சுவரில் நிலைக்கண்ணாடி இருக்கிறது. போய்த் திரும்பும் தூரம் ஆறு மீட்டர் ஆகிவிடுகிறது. பலகையில் எழுத்துகள் இடவலம் மாறி அச்சாகியிருக்கும், நிலைக்கண்ணாடியில் நேராகத் தெரியும். நான் உட்காரும் முன் தற்செயலாகப் பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு ஆண்டு ஈய எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் படித்துக் கோத்தவனுக்கு அது ஒரு பொருட்டா? கடைசி வரி வரை ஒரே மூச்சில் மனப்பாடமாகிவிட்டது. நாற்காலியில் அமர்ந்து ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ப் பலகையைத் திருப்பி மாட்டினார். மறுபுறம் வேறு வரிசை. ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் உயரம் உள்ள அந்த 6/6 வரியில் ‘ப’வை ‘ட’ என்றும் ‘ம’வை ‘ப’ என்றும் படித்தேன். “இப்போது சரி சார்” என்றார்.

அவர் செய்யும் முதல் வேலை அறையை இருட்டாக்கிவிட்டு ரெட்டினோஸ்கோப்பை எடுப்பது. கோடு போன்ற ஒளியைக் கண்ணுக்குள் பாய்ச்சி, அது உள்ளிருந்து திரும்பி வரும்போது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே, கையில் இருக்கும் வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார். அசைவு நின்றுபோகும் இடத்தில் பவர் கிடைத்துவிடும். நாம் வாய் திறக்கவே வேண்டாம். கணினிக் கருவியும் இங்கே இருக்கிறது. ஆனால் அதன் சீட்டை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இந்த வேறுபாடு என் பேத்தி விஷயத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஏழு வயதுக் குழந்தைக்குப் பள்ளி முகாமில் மைனஸ் ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குழந்தைகளின் கண் கருவிக்குள் பார்க்கும்போது தன்னை அறியாமல் கிட்டத்தில் குவிந்துவிடும், இல்லாத கிட்டப்பார்வையை அது காட்டிவிடும் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை மருத்துவர் இருக்கும்போது வரச் சொன்னார்கள். கண் அப்படிக் குவிவதைத் தளர்த்தும் சொட்டு மருந்தை விட்டுப் பார்த்ததில் கண்ணாடியே தேவைப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து வரவும், நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியே வெயில் வெளிச்சத்தில் விளையாட விடவும் சொன்னார்கள்.

கண் பரிசோதனையில் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. “இது தெளிவா, இது தெளிவா? ஒன்றா, இரண்டா?” என்று கைப்பிடி வில்லையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக் கேட்பார்கள், தவறாகச் சொல்லிவிட்டால் தவறான கண்ணாடி வந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பள்ளித் தேர்வைப் போல ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிவிடுவேன். மூத்தவர் இதைக் கவனித்துவிட்டார். அந்த வில்லை, கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லாததால் வரும் சிதறல் பார்வைக்கான அச்சைக் கண்டுபிடிக்க உதவுவது. அச்சு சரியான இடத்துக்கு வரும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு மங்கலாகத்தான் தெரியும். “இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் அப்படியே சொல்லுங்கள் சார். அந்தப் பதிலுக்காகத்தான் நான் திருப்பிக்கொண்டே இருக்கிறேன்” என்றார். இருபது ஆண்டு நான் வலிந்து தேர்ந்தெடுத்துச் சொன்ன ஒன்றுகளையும் இரண்டுகளையும் நினைத்து வெட்கமாக இருந்தது. முடிவில், கனத்த சோதனைச் சட்டத்தில் வில்லைகளைச் செருகி மாட்டி, என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய், எதிர்வீட்டு வாசலில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லி, இரண்டு படி இறங்கி ஏறவும் வைத்தார். சிவப்பு, பச்சைப் பின்னணியில் எழுத்து காட்டும் சோதனை முதலானவை பிற இடங்களிலும் உண்டு. வில்லையைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் பார்க்கும் சோதனையை நான் இங்கே மட்டும்தான் கண்டேன்.

என் மனைவிக்கு நடந்ததை நினைத்தால் இந்த நிலையத்தின் குறைகள் பலவற்றையும் பொறுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவருக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை. சென்ற ஆண்டு திடீரென்று, கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்க முடிகிறது என்று மகிழ்ந்து போனார்; தொலைக்காட்சி மட்டும் கொஞ்சம் மங்கல், அதற்கு ஒரு கண்ணாடி மாற்றிக்கொள்ளலாம் என்று இருவரும் இங்கே வந்தோம். இளையவர் அளந்து பார்த்துவிட்டுப் பழைய சீட்டை எடுத்து வைத்து ஒப்பிட்டார். “அம்மா, கடைசியாகச் சர்க்கரை எப்போது பார்த்தீர்கள்?” என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கீழே மருந்துக் கடையில் விரலில் குத்திப் பார்த்தபோது 318 காட்டியது. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை நீரைக் கோத்துக்கொண்டு உப்பிவிடும், அதனால் சில நாள் கிட்டப்பார்வை வந்தது போல் இருக்கும், இப்போது கண்ணாடி போட்டால் சர்க்கரை இறங்கியதும் அது வீணாகிவிடும் என்று சொல்லி, கண்ணாடிச் சீட்டு எழுத மறுத்துவிட்டார். சர்க்கரை கட்டுக்குள் வந்து ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். போனோம். பழைய பவரே திரும்பியிருந்தது. செய்தித்தாளுக்குக் கண்ணாடியும் திரும்ப வேண்டியிருந்தது.

அதோடு அவர் விடவில்லை. பார்வை 6/6 இருக்கும்போதே விழித்திரையில் சர்க்கரையின் பாதிப்பு தொடங்கியிருக்கலாம், வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது என்று சொல்லி, கருமணியை விரிக்கும் மருந்து விட்டு விழித்திரையை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். பார்த்ததே இல்லை. விழித்திரை மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதத்தில் அளவுகள், சர்க்கரையின் கால அளவு, அன்றைய எண் எல்லாம் இருந்தன. விழித்திரையைப் படம் எடுத்தீர்களே, அதில் என்ன தெரிகிறது என்று நான் வற்புறுத்திக் கேட்டேன். “இங்கே இரண்டு புள்ளி தெரிகிறது சார். அது என்ன என்று சொல்ல வேண்டியவர் டாக்டர்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். மருத்துவர் பார்த்துவிட்டு, தொடக்க நிலை இரத்தக் கசிவு, இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள் என்றார். பத்து நாள் கழித்து இளையவரே தொலைபேசியில் அழைத்து, போனீர்களா, என்ன சொன்னார்கள் என்று விசாரித்தார். கண்ணாடி விற்காத வாடிக்கையாளரை நினைவு வைத்து அழைக்கும் கடை வேறெங்கும் எனக்கு வாய்த்ததில்லை.

இனிக் குறைகள். லிஃப்ட் கிடையாது, பதினெட்டுப் படிகள், அவற்றில் மேல் ஆறு செங்குத்து. பார்வை குன்றிய முதியவர்கள் வருகிற இடத்தில் படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை கூட ஒட்டவில்லை. இதை நான் இரண்டு முறை சொல்லிவிட்டேன். முன்பதிவு நேரம் என்பது பெயருக்குத்தான், ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வதால் ஆறு மணிக்குச் சொன்னால் ஏழுக்குத்தான் உள்ளே போக முடியும். கண்ணாடிச் சட்டங்கள் இரண்டு அலமாரிதான். இளம்பெண்களுக்குப் பிடிக்கும்படி ஒன்றும் இல்லை என்பது என் மருமகளின் தீர்ப்பு. வில்லை வெளியே வெட்டி வருவதால் எட்டு முதல் பத்து நாள் ஆகும். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது ஒரே ஒருமுறை: கருமணியை விரிக்கும் மருந்து விடப்போவதாகத் தொலைபேசியில் முன்கூட்டிச் சொல்லவில்லை, நான் ஸ்கூட்டரில் போய்விட்டேன். மருந்து விட்டால் நான்கைந்து மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெளியாது, வெளிச்சம் கூசும்; வண்டியை மருந்துக் கடை வாசலில் விட்டுவிட்டு நூற்றிருபது ரூபாய் ஆட்டோவில் வீடு திரும்பினேன், அன்றைய மெய்ப்பும் கெட்டது. சர்க்கரை உள்ளவர்களும் அறுபதைத் தாண்டியவர்களும் வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல் துணைக்கு ஒருவரை அழைத்துப் போவது நல்லது.

கட்டணம் முந்நூற்றைம்பது ரூபாய். மருந்து விட்டுப் பார்த்தால் நூற்றைம்பது கூடுதல். இலவசமாகப் பார்க்கிறார்களே, இவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இலவசம் கண்ணாடிச் சட்டத்தின் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது என் அனுபவம். இங்கே கேட்காமலே சீட்டு கையில் வந்துவிடுகிறது. இரண்டு கருமணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தையும் அதில் எழுதித் தருகிறார்கள். இந்த எண் இல்லாவிட்டால் வேறு கடையில் அதை மறுபடி அளக்க வேண்டியிருக்கும்; பல இடங்களில் அதை எழுதுவதில்லை. வேறிடத்தில் வாங்கினாலும் கொண்டுவந்து காட்டுங்கள், உயரம் சரியா என்று பார்த்துத் தருகிறேன் என்று மூத்தவர் சொல்கிறார். என் மகன் இணையத்தில் வாங்கிய கண்ணாடியைக் காட்டியபோது பணம் வாங்காமல் காதுப்பிடியை வளைத்தும் கொடுத்தார். ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு தருகிறேன். மஞ்சள் பட்டை ஒட்டினால் மிச்சமும் கிடைக்கும்.

போகிறவர்கள் பழைய கண்ணாடிகள் எல்லாவற்றையும், உடைந்ததாக இருந்தாலும், எடுத்துச் செல்லுங்கள். சாப்பிடும் மருந்துகளின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் வேலைக்கான பொருள் ஒன்றையும், தையல் ஊசியோ கைப்பேசியோ கணக்குப் புத்தகமோ, கையோடு கொண்டு போங்கள். ஞாயிறு விடுமுறை. கூகுள் வரைபடம் பின்தெருவில் கொண்டுபோய் விடுகிறது. மருந்துக் கடைக்கு மேலே ‘மூக்கு கண்ணாடி பரிசோதித்து தரப்படும்’ என்று இரண்டு ஒற்றுப்பிழைகளோடு ஒரு நீலப் பலகை தொங்கும், அதுதான் அடையாளம். ஆறு ஆண்டுகளாகத் திருத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பலகை எழுதுபவர் வரவில்லை என்கிறார்கள்.